முதல் 48 மணி நேரமும் அதற்குப் பிறகும்: ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் குறித்து ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

மேல்மருவத்தூரைத் தாண்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சென்ற ஆண்டு ஓர் இரவு, என் தாய்மாமாவின் இருசக்கர வாகனத்தின் மீது ஒரு வேன் மோதிவிட்டு நிற்காமல் சென்றது. 108 ஆம்புலன்ஸ் அவரை அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தலைக்கு ஸ்கேன் எடுத்து முடித்து, செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தி, மூளைக்கு மேல் உறைந்திருந்த இரத்தத்தை அகற்ற அறுவை அரங்கைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அத்தையிடம் அப்போது இருந்தது 11,000 ரூபாய். அந்தப் பணத்தை யாரும் கேட்கவில்லை என்பதையே இந்த மதிப்பீட்டில் முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் இத்திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கான உயிர்காக்கும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் 201 அரசு மருத்துவமனைகளும் 408 தனியார் மருத்துவமனைகளும் இதில் இணைந்திருந்தன. 81 வகைச் சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே கட்டணம் வரையறுக்கப்பட்டது. ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதில்லை.

இந்தக் கடைசி விதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். விபத்தில் சிக்கியவருக்கு உடனடியாகச் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஆகும் பணத்தை யார் தருவது என்ற கேள்விக்கு விடை இல்லாததால், நினைவிழந்து கிடப்பவரின் உறவினர் வரும்வரை காத்திருப்பதும், முதலுதவி செய்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவதும் நம் ஊர்களில் பல காலம் நடந்துவந்தன. பணம் வரும் வழியை அரசு முன்னதாகவே உறுதி செய்துவிட்டதால், அந்த இரவில் பணியிலிருந்த மருத்துவர் நோயாளியை மட்டும் கவனிக்க முடிந்தது. அதற்காக இந்த அரசுக்கும் அந்த மருத்துவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் நிலைமை சற்று மாறியது. கவுண்டரில் இருந்த ஊழியர், அரசு தரும் தொகையில் மருந்துச் செலவு அடங்காது என்று சொல்லி 15,000 ரூபாய் முன்பணம் கேட்டார். சிகிச்சை இலவசம் என்று வாசலில் வைத்திருந்த அறிவிப்புப் பலகையை என் தம்பி படம் எடுத்துக் காட்டி, 104 எண்ணில் புகார் செய்யப்போவதாகச் சொன்ன பிறகே அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. எழுத்தறிவில்லாத ஒரு குடும்பம் அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டியிருக்கும். வரையறுத்த கட்டணம் உண்மையான செலவுக்குப் போதவில்லை என்று மருத்துவமனைகள் கருதினால், அதை அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். நோயாளியின் வீட்டாரிடம் தேடக்கூடாது.

இதைவிடப் பெரிய குறை 48 மணி நேரம் முடியும் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர் அதே மருத்துவமனையில் தொடரலாம். அட்டை இல்லாதவர் சொந்தச் செலவில் தொடர வேண்டும், அல்லது உடல்நிலையைச் சீராக்கி அரசு மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். அட்டைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். கொத்தனார் வேலை செய்யும் மாமாவின் வருமானம் அதற்குச் சற்று மேல் என்பதால் அட்டை இல்லை. நாற்பதாவது மணி நேரத்தில், கண் திறக்காத நிலையில் இருந்த அவரை மாற்றுவதற்கு அத்தையிடம் கையெழுத்து கேட்டார்கள். அரசு மருத்துவமனையில் நல்ல கவனிப்பே கிடைத்தது. ஆயினும் தலையில் அறுவை நடந்த ஒருவரை, மருத்துவக் காரணம் எதுவுமின்றி, கடிகாரத்தைப் பார்த்து இடம் மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றிய அரசு 2025 மே 5 அன்று அறிவிக்கை செய்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் விபத்து நாளிலிருந்து 7 நாள்களுக்கு, 1,50,000 ரூபாய்வரை செலவை ஏற்கிறது. தொகையில் தமிழ்நாட்டுத் திட்டம் முந்துகிறது. கால அளவில் ஒன்றியத் திட்டம் முந்துகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஒன்றியத் திட்டம் மோட்டார் வாகன விபத்து நிதியைச் சார்ந்தது. காப்பீடு உள்ள வாகனத்தால் நேர்ந்த விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்களின் பங்களிப்பும், எங்களுக்கு நேர்ந்ததுபோல் மோதிவிட்டு ஓடிய வாகனமாக இருந்தால் அரசின் பணமும் பயன்படும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதை இன்னும் தெளிவாகச் செய்கிறது. அங்கே வாகனப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் தொகையிலிருந்து, 1987 முதல் போக்குவரத்து விபத்து ஆணையம் தவறு யாருடையது என்று பாராமல் சிகிச்சைச் செலவைத் தருகிறது. தேவைப்பட்டால் மறுவாழ்வுச் செலவையும் ஆண்டுக்கணக்கில் ஏற்கிறது. சாலையில் வாகனம் ஓட்டும் உரிமையைப் பெறுவோரிடமிருந்தே சாலையில் விழுந்தவரின் சிகிச்சைக்கான பணம் வருவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

மாமா இப்போது எழுந்து நடக்கிறார். வலது கையில் கரணை பிடிக்கும் வலு இன்னும் வரவில்லை, பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள் பேருந்தில் போகிறார், அந்தச் செலவு எந்தத் திட்டத்திலும் அடங்கவில்லை. அவசர சிகிச்சைக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து தருவேன். முழுத் திட்டத்துக்கு மூன்றரைதான். இதே நிலையில் இருப்பவர்கள், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதியதன் நகலை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். நாங்கள் அதற்காகப் பின்னர் மூன்று முறை அலைந்தோம்.