சீஸ்டார் எஸ்50: பாலக்காட்டுக் கணவாயில் சிறுகோள் பிடிக்குமா?

சீஸ்டார் எஸ்50 என்பது ஆப் வழியாக இயங்கும் சின்னத் தானியங்கித் தொலைநோக்கி. அதில் சிறுகோளைப் படம் பிடிக்கலாம். ஆனால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கும் ஆசை இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள்; இன்னும் யாரும் கண்டுபிடிக்காதவை 50 மி.மீ. லென்ஸுக்கு எட்டாத மங்கல். தெரிந்த சிறுகோளைத் துரத்தி அதன் பாதையை அளக்க இது அருமையான கருவி.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தொடங்குகிறவர்களுக்கு 67 ஆசியா என்ற சிறுகோள் நல்ல இலக்கு. சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்ற வானியலாளர் 1861 ஏப்ரல் 17 அன்று கண்டது. 3.77 ஆண்டில் சூரியனைச் சுற்றும். ஏறக்குறைய 16 மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு நேரெதிரே வரும்.

அப்போது அது மணிக்குச் சுமார் 37 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) நகரும். இந்தக் கருவியில் ஒரு பிக்சல் 2.4 ஆர்க் செகண்ட். அதாவது மணிக்கு 15 பிக்சல். ஆப்பை அரை மணி நேரம் ஸ்டாக் செய்ய (பல படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்க) விட்டால் நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று இருக்கும், சிறுகோள் மட்டும் இழுபட்டுக் கிடக்கும். 4 நிமிடத்தோடு நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி எடுங்கள். தனித்தனிப் படங்களையும் சேமிக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். அளவெடுக்க வானியலுக்கான ஃபிட்ஸ் வகைப் படக்கோப்புதான் வேண்டும், ஜேபெக் ஆகாது.

கருவியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து எடுக்கும் ஈக்யூ மோடை எல்லோரும் புகழ்வார்கள்; நம் பக்கத்துக்குச் சரிவராது. அட்சரேகை 10.7 டிகிரி, கருவியைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும். 2.5 கிலோ ஒருபக்கம் சாய்ந்தால் அந்தக் குட்டி டிரைபாட் கவிழும், கணவாய்க் காற்று வேறு. துருவ நட்சத்திரமோ பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கருவியைச் சாய்க்காமல் நேராக நிறுத்தி எடுக்கும் ஆல்ட்-அஸ் மோடிலேயே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மறைவில் வைத்து எடுங்கள். இலக்கு தலைக்கு நேர்மேலே வந்தால் படம் வேகமாகச் சுழன்று பாதி வீணாகும். இங்கே சிறுகோள்கள் பெரும்பாலும் அப்படித்தான் உச்சியை ஒட்டிக் கடக்கும். உச்சிக்கு வருவதற்கு 3 மணி நேரம் முன்பு முதல் ஸ்டாக், 2 மணி நேரம் முன்பு இரண்டாவது.

பனித்துளி படியாமலிருக்க உள்ளேயே ஹீட்டர் உண்டு. அது பேட்டரியைத் தின்னும், பவர்பேங்க் பக்கத்தில் இருக்கட்டும்.

சிறுகோளின் பாதையைக் கணக்கிட, வானில் அது இருந்த மூன்று இடங்களை அளந்தால் போதும். ஆனால் மூன்றும் ஒரே இரவில் எடுத்தவை என்றால் பாதை எப்படி வேண்டுமானாலும் வளையும். இரண்டு வாரத்துக்குப் பரவிய நாலைந்து இரவுகள் தேவை. அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அளந்த இடம், சிறுகோள் பதிவுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரின் கணிப்பிலிருந்து 200 ஆர்க் செகண்ட் தள்ளி இருந்தால் கருவியைத் திட்ட வேண்டாம்: உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்ற இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்காமல் விட்டிருப்பீர்கள்.