கோத்தகிரியில் உட்கார்ந்து ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: பல வருட அனுபவம்

மலையில் இருந்துகொண்டு தனியாக புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. கோவையில் இருந்தால் அலுவலகத்தில் நாலு பேர் இருப்பார்கள். கோத்தகிரியில் எனக்கு அந்த நாலு பேர், புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு விடை சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இணையதளம்தான். 2008-ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கிய இந்தத் தளத்தைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். அங்கே கிடைத்த விடைகளைவிட, கேள்வியை ஒழுங்காக எழுதப் பழகியதுதான் எனக்குப் பெரிய லாபம்.

நான் எழுதுவது பச்சைத் தேயிலைக் கணக்கு. சிறு விவசாயிகள் போடும் இலையின் எடையைப் பதிந்து, மாசக் கடைசியில் பட்டுவாடா போடும் மென்பொருள். ஊர், பேர் எல்லாம் தமிழில் இருக்கும். ஒருமுறை 'கோத்தகிரி' என்று தேடினால் பாதிப் பேர் பட்டியலில் வரவே இல்லை. திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. பிரச்சினை தெரிகிற மிகச் சிறிய நிரலைக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. அதற்காக டேட்டாபேஸ், பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் இரண்டு 'கோத்தகிரி' மட்டும் மிஞ்சின. நீளம் கேட்டால், நான் நிரல் எழுதும் மொழியான பைத்தான் ஒன்றுக்கு 9 என்றது, இன்னொன்றுக்கு 10. நாம் எண்ணினால் ஐந்தே எழுத்து!

அதற்குமேல் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் வரும் குறியைப் பற்றி யாரோ எப்போதோ கேட்டிருந்தார்கள், விடையும் இருந்தது. அதே கதைதான் இங்கேயும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். ஒப்பிடும் முன் இரண்டையும் என்.எஃப்.சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஒரு வரி வேலை.

அதனால்தான் ஒரே கேள்வி திரும்ப வந்தால் மேற்கொண்டு விடை எழுத முடியாதபடி அதை மூடி, பழைய விடைக்கு இணைப்பு கொடுக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஒரே விஷயம் நூறு இடத்தில் சிதறிக் கிடந்தால் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அது வலிக்கும். விடைக்கு ஒரு ஆதரவு ஓட்டு விழுந்தால் எழுதியவருக்கு 10 புள்ளி, எதிர் ஓட்டு விழுந்தால் 2 குறையும். அடுத்தவர் பதிவில் கருத்து எழுதவே 50 புள்ளி வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் நம் ஊர்ப் பிள்ளைகள், காரணம் சொல்லாமல் விழும் ஒரு எதிர் ஓட்டிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். மூடுகிறவர்கள் ஒரு வரி அன்பாகச் சொல்லிவிட்டு மூடலாம். என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிழைச் செய்தியைப் படமாகப் போடாதே, எழுத்தாக முழுசாகப் போடு, என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, இரண்டையும் எழுது.

விடையை எடுக்கும்போது தேதியைப் பார்க்க வேண்டும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது, ஆனால் அதற்கு எழுதிய விடைகள் இன்னும் மேலே நிற்கின்றன. நல்லவேளை, கீழே யாராவது 'இது இப்போது ஓடாது' என்று எழுதியிருப்பார்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டால் அந்தக் கீழ்வரி வருவதில்லை. அது எழுதிய விடைகளை இந்தத் தளம் 2022 டிசம்பரில் தடை செய்தது. அப்புறம் புதிய கேள்விகளின் வரத்தே வெகுவாகக் குறைந்துவிட்டது. நானும் ஏஐயிடம் கேட்கிறேன்தான். ஆனால் நாளைக்கு வரும் புது லைப்ரரியின் (எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பின்) சிக்கலை யார் எழுதி வைப்பார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

நீலகிரிக்காரர்களுக்கு ஒரு தகவல்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதிவுகள், பிறர் நகலெடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், இணையம் இல்லாமல் தளங்களைப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் ஆஃப்லைன் பிரதி கிடைக்கிறது. பெரிய கோப்பு, கோவை போகும்போது நல்ல இணைப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனாலும் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை தேடலாம்.