மலிவு விலை விண்டேஜ் நகல் உடைகள்: பல வருடம் உடுத்திப் பார்த்த பிறகு

நாற்பதுகள், ஐம்பதுகளின் பாணியில் இப்போது புதிதாகத் தைத்து மலிவு விலைக்கு விற்கிற கவுன், பாவாடை, சட்டை எல்லாம் வாங்கிப் பல வருடமாக உடுத்தி வருகிறேன். விசேஷத்துக்குப் போட்டுப் படம் எடுத்துவிட்டு மடித்து வைக்கிற ஆள் இல்லை நான். வேலைக்குப் போட்டுக்கொண்டு போய், வியர்த்து, துவைத்து, மறுபடி அதையே எடுத்துப் போடுகிற ஆள். என்னிடம் கேட்பவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: அந்த விலைக்கு உழைக்குமா, அந்த விலைக்கு வாங்குவது நியாயமா? இரண்டையும் நிறையப் பேர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தையல் மட்டமாக இருந்தால் தைத்தவர் வயிற்றில் அடித்திருப்பார்கள், தையல் நன்றாக இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும் என்று ஒரு கணக்கு. உடையை உள்பக்கம் திருப்பினால் முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கும். இரண்டாவதற்கு அங்கே பதில் கிடையாது.

முதலில் தரம். அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட கவுன் ஒன்று, இடுப்பு வரை சிக்கென்று, கீழே முழு அம்ப்ரெல்லா கட். மாட்டிக்கொண்டு நின்றால் குறை சொல்ல முடியாது. உள்ளே திருப்பினால் தையலுக்கு அப்பால் விட்ட துணி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, ஓரம் பிரியாமல் இருக்க அடிக்கிற ஓவர்லாக் தையலின் அகலம்தான். அந்தக் காலத்து நல்ல கவுன்களில் பக்கத்தையலில் துணி தாராளமாக விட்டிருப்பார்கள், உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். இதில் உடம்பு போட்டால் கவுனையே யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். பக்கத்தையலில் புள்ளிகள் பொருந்தவில்லை, பாதிப் புள்ளி இந்தப் பக்கம், கால் புள்ளி அந்தப் பக்கம். ஜிப் முதுகில் இருக்கிறது, நைலான், அது இடுப்புத் தையலைத் தாண்டும் இடத்தில் துணி பல மடிப்பாகத் தடித்து நிற்பதால் ஒவ்வொரு தடவையும் அங்கே வந்து மாட்டும், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் துணியைக் கீழே இழுத்தபடி மறு கையால் ஏற்ற வேண்டும். ஒரு நாள் அதே இடத்தில் வாயைப் பிளந்துவிட்டது. தையல்காரர் அந்தத் தடித்த இடத்தைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்து வேறு ஜிப் வைத்துக் கொடுத்தார், அதற்கப்புறம் தொந்தரவு இல்லை. (நாற்பதுகளின் கவுன்களில் ஜிப் பெரும்பாலும் இடது பக்கத் தையலில், உலோகத்தில் இருக்கும். முதுகில் நைலான் ஜிப் வைத்துவிட்டு ‘அசல் 1940’ என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.)

அதைவிடப் பெரிய விஷயம் கீழ் ஓரம். இடுப்பு 70 செ.மீ., நீளம் 65 செ.மீ. என்றால் முழு வட்டப் பாவாடையின் கீழ் ஓரம் கிட்டத்தட்ட 4.8 மீட்டர் வரும். அவ்வளவையும் வளைவில் மடித்துத் தைக்க வேண்டும். அதோடு, வட்டமாக வெட்டும்போது துணி சில இடங்களில் நேர் இழையில் தொங்கும், சில இடங்களில் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, தொங்கும். கிராஸில் தொங்குகிற இடம் நாளாக ஆகத் தன் எடையிலேயே இறங்கும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ஓரம் மடிக்காமல் ஒரு நாளாவது தொங்கவிட்டு, இறங்கியதை வெட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் மடிப்பார்கள். மலிவுக் கவுனில் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை, நூலிழை அகலத்துக்கு ஒரு சுருட்டு மடிப்பு, அவ்வளவுதான். என் கவுன் சில துவைப்பிலேயே இரண்டு பக்கமும் கோணலாக இறங்கிவிட்டது. திரும்ப வெட்டி மடிக்கவும் அங்கே துணி மிச்சமில்லை, நீளத்தைக் குறைத்துத்தான் சரிசெய்ய முடிந்தது.

துணியைப் பற்றி ஒரு விஷயம். நாற்பதுகளின் கவுன்களுக்கு அந்த வழுவழுப்பான விழுகை வந்தது ரேயானில். மலிவு நகலில் அதே விழுகையைப் பாலியஸ்டரில் கொண்டுவரப் பார்க்கிறார்கள். பாலியஸ்டர் இழை 1941-இல்தான் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது, கடைக்குத் துணியாக வந்தது ஐம்பதுகளில்; இழுபடுகிற ஸ்பாண்டெக்ஸ் 1958-க்கு முன்னால் கிடையவே கிடையாது. காலக் கணக்கு தப்பு என்பது எனக்குப் பெரிய குறை இல்லை, யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போவதில்லை. உடுத்துகிறவருக்கு வரும் கஷ்டம்தான் குறை. பாலியஸ்டர் கவுன் காலில் ஒட்டும், வியர்வை வாடையைத் துவைத்த பிறகும் விடாது, ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிழையை உதிர்த்துத் தண்ணீரோடு அனுப்பும். ஸ்பாண்டெக்ஸ் கலந்த பருத்தி முதல் வருடம் சுகமாக இருக்கும், பிறகு சூட்டில் காயவைத்தும் இஸ்திரி போட்டும் அந்த இழை செத்துப்போய் இடுப்பில் துணி அலை அலையாக நிற்கும். சும்மா முழுப் பருத்தியில் தைத்த பாவாடைகள்தான் என்னிடம் நீண்ட நாள் நிற்கின்றன, சாயம் கொஞ்சம் மங்கியதைத் தவிர.

இதையெல்லாம் தொடர்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது, மலிவு எங்கிருந்து வருகிறது என்பது. போர்க்காலத்தில் பிரிட்டனில் 1941-இல் துணிக்கு ரேஷன் வந்தது, மடிப்பு எத்தனை, பை எத்தனை, பட்டன் எத்தனை என்று சட்டம் போட்டார்கள். அமெரிக்காவிலும் 1942-இல் பாவாடைச் சுற்றளவுக்கு வரம்பு வைத்தார்கள். மிச்சம் பிடித்தது துணியில். சிசி41 என்ற போர்க்கால அரசு முத்திரை குத்திய பிரிட்டன் உடைகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஏனென்றால் துணிக்குத் தர அளவு வைத்திருந்தார்கள். 1947-இல் பாரிஸ் வடிவமைப்பாளர் தியோர் மீட்டர் கணக்கில் துணியைக் கொட்டிப் பாவாடை காட்டியபோது அதை வீண் செலவு என்று திட்டியவர்கள் உண்டு. இன்றைய மலிவு நகலில் துணிக்குப் பஞ்சமே இல்லை, அந்தப் பெரிய வட்டம் அப்படியே இருக்கிறது. மிச்சம் பிடித்திருப்பது தைக்கிற நேரத்தில். பொருந்தாத புள்ளி, தொங்கவிடாத ஓரம், வெட்டிக் குறைக்காத இடுப்புத் தையல், பையே இல்லாமல் மேலே தைத்த போலி மூடி, எல்லாமே ஒருவர் மெஷினில் உட்கார்ந்து செலவழிக்காத நிமிடங்கள்.

அந்த நிமிடங்களை வேகமாக ஓட்டியவருக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் உள்பக்கம் திருப்புவது கைகொடுக்காது. வேடிக்கை என்னவென்றால், பழைய அமெரிக்க உடைகளில் இதற்கு ஒரு பதில் உள்ளேயே இருக்கும். பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் 1900-இல் தொடங்கியது. அதன் சின்னம் போட்ட ஒரு சிறு லேபிளைச் சங்கத் தொழிலாளர் தைத்த உடைகளின் தையலில் வைத்துத் தைத்தார்கள். விண்டேஜ் சேகரிப்பவர்கள் அந்த லேபிளின் வடிவத்தைப் பார்த்துத்தான் கவுனின் வயதையே கணிக்கிறார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, 1911-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் செத்த பிறகும் போராடித்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஆனால் யார் தைத்தார்கள் என்பதற்கு உடையில் ஒரு அடையாளம் இருந்தது. நகல் எடுப்பவர்கள் கழுத்து வெட்டை எடுத்துக்கொண்டார்கள், பட்டனை எடுத்துக்கொண்டார்கள், அந்த லேபிளை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது இருப்பது அளவு, துவைக்கும் முறை, கடைசியாகத் தைத்த நாட்டின் பெயர். பருத்தி எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்றார்கள் என்பதற்கு அதிலிருந்து எதுவும் தெரியாது.

சரி, கூடுதல் விலை கொடுத்து வாங்கினால் மனசாட்சி உறுத்தாதா என்றால், விலையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டார்கள், கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். இடிபாட்டில் கிடைத்த லேபிள்கள் அடிமட்ட விலைக் கடைகளுடையவை மட்டும் இல்லை, கொஞ்சம் கௌரவமான விலைக்கு விற்கிறவர்களுடையவையும் இருந்தன. அதனால் விலை கூடியது என்பதையே சான்றிதழாக நான் எடுத்துக்கொள்வதில்லை. மிகக் குறைந்த விலை என்றால் மட்டும் ஒன்று உறுதியாகச் சொல்லலாம்: 4.8 மீட்டர் ஓரம், ஜிப், கழுத்து, லைனிங் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நியாயமான கூலி அந்த விலைக்குள் அடங்காது, கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு குற்றச்சாட்டு காப்பி. ஐம்பதுகளின் வெட்டைக் காப்பியடிப்பதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை, அது இன்று யாருடைய சொத்தும் இல்லை. பொதுவாகவே உடையின் வெட்டுக்கு அமெரிக்காவில் காப்பிரைட் கிடையாது, துணிமேல் போட்ட ஓவியத்துக்கு உண்டு, 2017-இல் உச்ச நீதிமன்றமும் அலங்காரத்தை உடையிலிருந்து பிரித்துப் பார்த்துக் காப்பிரைட் உண்டு என்றுதான் சொன்னது. இன்று உட்கார்ந்து ஒருவர் வரைந்த பூவேலையை அப்படியே திருடி அச்சடிப்பது வேறு கதை. சின்ன அளவில் விண்டேஜ் பாணி தைக்கிறவர்களின் டிசைனும், சில சமயம் அவர்கள் எடுத்த புகைப்படமும்கூட மலிவுக் கடைகளில் தென்படும். எனக்கும் ஒரு தடவை வந்தது, படத்தில் கொசுவம் வைத்த பாவாடை, பார்சலில் கொசுவம் மாதிரி கோடு அச்சடித்த பாவாடை. இப்போது ஒரே புகைப்படம் பல கடைப் பெயர்களில் கிடைத்தால் வாங்குவதில்லை.

‘அசலையே வாங்கலாமே’ என்பவர்களுக்கு: வாங்கியிருக்கிறேன். அக்குளில் பழைய வியர்வை தின்ற துணி ஒரு தடவை கையைத் தூக்கியதும் கிழிந்தது. மிச்சம் இருக்கிற அசல்கள் குறைவு, அளவுகள் பெரும்பாலும் சிறியவை, தினசரி உடுத்தித் துவைத்தால் அவை அழிந்துதான் போகும். தினசரிக்கு நகல் உடுத்துவதே அந்தப் பழைய துணிக்கும் மரியாதை என்பது என் கட்சி. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இப்போது நான் வாங்குவது பெரும்பாலும் ஒருவர் உடுத்திவிட்டு விற்கிற நகல்கள். அதற்கென்று புதிதாக யாரையும் விரட்டித் தைக்க வைக்கவில்லை, இறங்க வேண்டிய ஓரம் ஏற்கெனவே இறங்கியிருக்கும், சாயம் போக வேண்டியது போயிருக்கும், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கலாம். கோட், ஜாக்கெட் வகையை மலிவில் தொடுவதே இல்லை. உள்ளே விறைப்புக்காகத் தைத்து வைக்கிற கான்வாஸ் துணிக்குப் பதில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், நனைந்ததும் நெஞ்சுப் பகுதி கொப்பளிக்கும், அதற்கு எந்தத் தையல்காரரிடமும் வைத்தியம் இல்லை. புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உள்பக்கப் படம் கேட்பேன், துணி எத்தனை சதவீதம் என்ன என்று கேட்பேன், எந்தத் தொழிற்சாலையில் தைத்தது என்றும் கேட்பேன். முதல் இரண்டுக்கும் பதில் வரும். மூன்றாவதற்கு ஒரு கடை எனக்கு அளவு அட்டவணையை அனுப்பி வைத்தது.