கிளினிக்குக்கு இன்ஸ்டாவா வாட்ஸ்அப்பா? ரெண்டையும் நடத்திப் பாத்துட்டு சொல்றேன்

கோயம்புத்தூர்ல நாய், பூனை மட்டும் பாக்குற சின்ன கிளினிக் என்னோடது, நானும் ஒரு உதவிக்குப் பையனும்தான். படிப்பு முடிச்சு புதுசா கிளினிக் போடுற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்குறாங்க, "அண்ணா, இன்ஸ்டால பேஜ் ஆரம்பிக்கட்டுமா, இல்ல வாட்ஸ்அப் பிசினஸே போதுமா"ன்னு. மூணு வருஷமா ரெண்டும் ஓடுது. இன்னைக்கு ஒண்ணுதான் வெச்சுக்கணும்னா யோசிக்காம வாட்ஸ்அப்னுதான் சொல்லுவேன்.

ஃபேஸ்புக்க சீக்கிரம் முடிச்சிடுறேன். அட்ரஸ், டைமிங், ஃபோன் நம்பர் சரியா போட்டு வெச்சா போதும், கூகுள் மேப்லயும் அதே மாதிரி. அதுக்கு மேல அங்க உழைச்சு எனக்கு எதுவும் வரல.

இன்ஸ்டாவுக்கு ஒரு பலம் உண்டு, நம்மள தெரியாதவங்க கண்ணுல படும். உண்ணி பத்தி ஒரு ரீல் போட்டேன். நாய் மேல தெரியுறது கொஞ்சம்தான், ரத்தம் குடிச்ச பெண் உண்ணி கீழ இறங்கி சுவத்து வெடிப்புலயும் கட்டில் சந்துலயும் ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டா தீராதுன்னு எங்க வீட்டுச் சுவத்துலயே டார்ச் அடிச்சு காட்டினேன். அதப் பாத்துட்டு வந்தவங்க நிஜமாவே இருந்தாங்க. ஆனா கமெண்ட்ல பாதி பேரு மதுரை, பெங்களூரு, மலேசியா. அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சதுல சந்தோஷம்தான், நாய என்கிட்ட தூக்கிட்டு வர முடியாதே. ஒரு ரீலுக்கு எடுத்து, வெட்டி, எழுத்து போட்டு முடிக்க எனக்கு ரெண்டு ராத்திரி போகுது.

சரி, முடிவெடுக்க வெச்ச விஷயத்துக்கு வர்றேன். அது தடுப்பூசித் தேதி.

குட்டிக்கு 6லேந்து 8 வாரத்துல முதல் ஊசி, அப்புறம் 3-4 வாரத்துக்கு ஒண்ணுன்னு 16 வாரம் வரைக்கும் போடணும். ஏன் இத்தனை தடவைன்னா தாயோட சீம்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி உள்ள இருக்கிற வரைக்கும் அது ஊசியவே வேலை செய்ய விடாது, அது எந்தக் குட்டிக்கு எப்ப குறையும்னு வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாது, அதனாலதான் விட்டு விட்டு திரும்பத் திரும்பப் போடுறோம். நடுவுல ஒரு டோஸ் தள்ளிப் போச்சுன்னா அந்த இடைவெளியில பார்வோ, அதாவது குட்டிங்க உயிரையே எடுக்குற வைரஸ் பேதி, புகுந்துரும்.

அப்படி ஒரு லாப்ரடார் குட்டி என்கிட்ட வந்துச்சு. முதல் ஊசி நான்தான் போட்டேன். அந்த வீட்டுக்காரர் என் பேஜ ஃபாலோ பண்றவர், ஒவ்வொரு ரீலுக்கும் லைக் போடுவார். ரெண்டாவது டோஸ் தேதி தாண்டி ரெண்டு வாரம் கழிச்சு, ரத்தமா பேதியோட துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தார், ரூம் முழுக்க அந்த பார்வோ வாடை. நாலு நாள் டிரிப் போட்டும் காப்பாத்த முடியல. "ஊசிதான் போட்டமேங்க டாக்டர்"னு கேட்டார். கார்டுல அடுத்த தேதிய என் கையாலதான் எழுதியிருந்தேன், கார்டு பீரோவுக்குள்ள இருந்திருக்கு. அந்த மாசம்தான் பார்வோ பத்தி ஒரு ரீலும் போட்டிருந்தேன். ஊருக்கே சொன்ன எனக்கு, "உங்க குட்டிக்கு இந்த வியாழக்கிழமை"ன்னு அவர் ஒருத்தருக்குச் சொல்லத் தோணல. இன்னும் மனசுல உறுத்துது.

அதுலேந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி ரிஜிஸ்டரும் ஃபோனுமா உக்காந்துருவேன். வாட்ஸ்அப் பிசினஸ்ல லேபிள் போடலாம், நான் ரெண்டாம் டோஸ், ரேபிஸ், பூச்சி மருந்துன்னு பிரிச்சு வெச்சிருக்கேன். மெசேஜ் இப்படிப் போகும்: "புஜ்ஜிக்கு வர்ற வியாழன் ரெண்டாவது ஊசிங்க. 10 மணிக்கு மேல வாங்க. வாந்தி, பேதி இருந்தா முதல்ல ஃபோன் பண்ணுங்க." குட்டி பேர் போட்டு அனுப்பினா பதில் வராம இருக்கிறது ரொம்பக் குறைவு. ரெண்டு நாள்ல பதில் வரலைன்னா பையன் ஃபோன் போட்டுருவான்.

பொதுவா சொல்ல வேண்டியதுக்கு, தீபாவளி வெடிச் சத்தம், வெயில் கால நடை மாதிரி, பிராட்காஸ்ட் லிஸ்ட், அதாவது ஒரே மெசேஜ நிறைய பேருக்குத் தனித்தனியா அனுப்புற வசதி. ஒரு லிஸ்ட்ல 256 பேருதான் சேர்க்க முடியும், நம்ம நம்பர அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் போய் சேரும், இது தெரியாம ஆறு மாசம் அனுப்பிட்டு இருந்தேன். குரூப் மட்டும் வேண்டாம். ரெண்டே வாரத்துல குட்மார்னிங் படம், குட்டி விற்பனை, ஒருத்தருக்கு ஒருத்தர் மருந்து சொல்றதுன்னு ஆகி நானே மூடிட்டேன்.

வாட்ஸ்அப்போட கஷ்டம் ராத்திரிதான். 11 மணிக்கு வாய்ஸ் நோட் வரும், "டாக்டருங்களே, சாயங்காலத்துலேந்து சாப்பிடவே மாட்டேங்குதுங்க." ஈறு ஃபோட்டோ கேட்டு, வெளுத்துப் போயிருந்தா உடனே கிளம்பி வாங்கன்னு சொல்ல முடியுது, அது பெரிய உதவி. ஆனா மாத்திரை பேர் கேப்பாங்க. சாட்ல மருந்து பேரே சொல்றதில்லன்னு வெச்சிருக்கேன், ஏன்னா வீட்டுல இருக்கிற பாராசிட்டமால பூனைக்குக் குடுத்துட்டு வந்தவங்கள பாத்திருக்கேன், பூனைக்கு அது விஷம். இப்ப வா, இல்ல காலையில வா, இந்த ரெண்டுதான் என் பதில். கிளினிக்குக்குத் தனி சிம் வாங்கிடுங்க, சொந்த நம்பர குடுத்துட்டு நான் பட்டது போதும். நாய் கடிச்சிருச்சுன்னு யாராவது போட்டா அனுப்ப ஒரு பதில் ரெடியா இருக்கு: ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, உடனே கவர்மெண்ட் ஆஸ்பத்திரி போங்க.

இன்ஸ்டால இன்னொரு இழுப்பும் இருக்கு, பக்கத்து பேஜ் ஆஃபர் போடுதுன்னு நமக்கும் கை வரும். விளம்பரம் பண்ணி ஆள் பிடிக்கக் கூடாதுன்னு வெட்னரி கவுன்சிலோட 1992 நடத்தை விதி இருக்கு, அத ஒரு தடவை படிச்சிட்டு பேஜ் ஆரம்பிங்க.

காசு கட்டி விளம்பரம் நான் ரெண்டு தடவைதான் போட்டேன், அத வெச்சு நல்லதா கெட்டதான்னு சொல்றது சரியில்ல. வாட்ஸ்அப் சேனலும் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். முடி வெட்டுறது, போர்டிங் மாதிரி சேவைதான் உங்க முக்கிய வருமானம்னா என் கணக்கு மாறலாம், அங்க முன்ன பின்ன ஃபோட்டோதான் பேசும்.

இன்ஸ்டாவ நான் மூடல. மாசம் ஒரு ரீல், செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்துக்கு ஒண்ணு. வீட்டுக்காரங்க சரின்னு சொல்லாம எந்த நாய் முகமும் போடுறதில்ல.

புதுக் குட்டி வந்தா கவுன்ட்டர்ல ஒரு வேலை கட்டாயம். அவங்க ஃபோன்ல நம்ம நம்பர சேவ் பண்ண வெச்சு, பையன் அங்கயே குட்டி பேரையும் அடுத்த தேதியையும் அனுப்புவான். அந்த மெசேஜ் அவங்க ஃபோன்ல வந்து விழுந்தத கண்ணால பாத்த பிறகுதான் கார்ட கையில குடுப்பான்.