எண்ணூர் கழிமுகத்துக்கு எந்தச் சட்டம்?

சென்னையின் எண்ணூர் கழிமுகத்தில், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார் ஓர் இருளர் பழங்குடிப் பெண். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார். வலை இல்லை, படகு இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அந்தச் சேறு இறுகினால் அவருக்குத் தொழிலே போச்சு. இவரைக் காக்க எந்தச் சட்டத்தைப் பிடிப்பது?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வனத்தை நம்பி வாழும் பழங்குடிகளுக்கும் பிற மரபுவழி வனவாசிகளுக்கும் வந்தது. நீர்நிலைகளின் மீனையும் சமூக உரிமையாக ஏற்கிறது. உரிமைகோரல் கிராம சபையில்தான் தொடங்கும். அதிகாரியின் தயவு அல்ல, ஊரின் தீர்மானம். அதுதான் இதன் பெரிய பலம். ஆனால் நிலம் வனநிலமாக இருக்க வேண்டும். அலையாத்திக் காடு கண்ணெதிரே நின்றாலும் கழிமுகம் முழுவதும் அப்படி ஆகிவிடாது. எண்ணூரோ மாநகராட்சிக்குள் இருக்கிறது; அங்கே கிராம சபை ஏது?

கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மத்திய அரசு வகுத்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. அலை ஏறி இறங்கும் கழிமுகமும் அதற்குள் வரும். ஆலைக்கழிவு கொட்டத் தடை உண்டு. மீறினால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் இது இடத்தைத்தான் காக்கும், இருளருக்கு உரிமை எதுவும் எழுதித் தராது. அந்த மண்டலத்தைக் காட்டும் அரசு வரைபடத்தில் கழிமுகம் சுருங்கினால் பாதுகாப்பும் சுருங்கும்.

என்னைக் கேட்டால், இன்றைக்கு எண்ணூருக்குக் கடலோர அறிவிப்பைத்தான் பிடிக்க வேண்டும். அந்த அரசு வரைபடத்தைக் கையில் வாங்கி, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, அவர் இறால் துழாவும் ஒவ்வொரு இடமும் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.