வேறுபாடு, கூறு, கனஅளவு: மூன்று எண்முறைகளும் எங்கே தவறுகின்றன?

வெப்பம் பரவுவதையோ, ஒரு விட்டம் வளைவதையோ, காற்று ஓடுவதையோ விவரிக்கும் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டைக் கணினியால் அப்படியே கையாள முடியாது. அதைக் கூட்டலும் பெருக்கலுமாக மாற்றித் தந்தாக வேண்டும். அந்த மாற்றத்துக்கு இன்று பெருவழக்கில் இருப்பவை மூன்று: ஃபைனைட் டிஃபரன்ஸ் எனப்படும் வேறுபாட்டு முறை, ஃபைனைட் எலிமெண்ட் எனப்படும் கூறு முறை, ஃபைனைட் வால்யூம் எனப்படும் கனஅளவு முறை. இவற்றைத் துல்லியம், வேகம், எளிமை என்ற அளவுகோல்களால் வரிசைப்படுத்துவது வழக்கம். கணிப்பை நம்பி ஒரு பொருளை வடிவமைக்கப்போகிறவர் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு முறையும் எந்த விதமாகத் தவறுகிறது? அந்தத் தவறு முடிவைப் பார்த்தவுடன் தெரியுமா, அல்லது அழகான வண்ணப் படத்துக்குள் ஒளிந்துகொள்ளுமா?

இந்தக் கேள்வி ஏன் தேவை என்பதை மிக எளிய சிக்கலே காட்டிவிடும். ஒரே பொருளால் ஆன சதுரத் தகட்டில் நிலையான வெப்பநிலைப் பரவலைக் காண வேண்டும் என்று கொள்வோம். சீரான சதுர வலையில் வேறுபாட்டு முறை, ஒவ்வோர் உள்கணுவின் வெப்பநிலையும் அதன் நான்கு அண்டைக் கணுக்களின் சராசரி என்ற சமன்பாட்டைத் தருகிறது. கனஅளவு முறையும் அதே சமன்பாட்டையே தருகிறது. ஒவ்வொரு சதுரத்தையும் மூலைவிட்டத்தால் இரு முக்கோணங்களாகப் பிரித்து, நேரியல் கூறுகளைக் கொண்டு கூறு முறையில் எழுதினாலும் அதுவேதான் கிடைக்கிறது. ஆக, மூன்றும் பிரிவது வடிவம் வளையும்போது, பொருள் மாறும்போது, ஓட்டம் வேகமெடுக்கும்போதுதான். தேர்வுக்குரிய காரணங்களையும் அங்கேதான் தேட வேண்டும்.

மூன்றில் மூத்தது வேறுபாட்டு முறை. வகைக்கெழுவை டெய்லர் தொடரின் துணையோடு அண்டைப் புள்ளிகளின் மதிப்புகளுக்கு இடையேயான வேறுபாடாக எழுதுவதே இதன் சாரம். நிரல் சில வரிகளில் முடிந்துவிடும். நினைவகம் குறைவாகவே தேவைப்படும். நான்காம், ஆறாம் வரிசைத் துல்லியத்துக்கு ஏறுவதும் எளிது; வரிசை என்பது வலை இடைவெளியின் எத்தனையாவது அடுக்கோடு பிழை குறைகிறது என்பதைச் சொல்லும் எண். இதன் தவறு பெரும்பாலும் உரத்த குரலில் வெளிப்படும். கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவரும் 1928இல் காட்டியபடி, அடுத்த கணத்தின் மதிப்பை முந்தைய கணத்தின் மதிப்புகளிலிருந்தே நேராகக் கணக்கிடும் வெளிப்படை முறையில் ஒரு காலப்படிக்குள் அலை கடக்கும் தூரம் வலை இடைவெளியோடு ஒப்பிடத்தக்க ஒரு வரம்பை மீறினால் கணிப்பு நிலைகுலைந்து, எண்கள் வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறிய விடையை எவரும் நம்பி ஏமாற மாட்டார்கள் என்பதால் இதை நான் நல்ல குணமாகவே எண்ணுகிறேன்.

ஆனால் அந்த வரம்புக்குத் தர வேண்டிய விலை சிறிதன்று. எஃகின் வெப்பப் பரவுதிறன் விநாடிக்கு ஏறத்தாழ 12 சதுர மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒற்றைப் பரிமாண வெளிப்படைக் கணிப்பு நிலையாக இருக்க, காலப்படி இடைவெளியின் வர்க்கத்தில் பாதியைப் பரவுதிறனால் வகுத்த ஈவைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 0.042 விநாடி. இடைவெளியை 0.5 மில்லிமீட்டராகக் குறைத்தால் காலப்படி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிச் சுமார் 0.01 விநாடியாகும். முப்பரிமாணத்தில் வரம்பு இன்னும் இறுகும். அங்கே இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் 8 மடங்கும் காலப்படிகள் 4 மடங்கும் பெருகுவதால் மொத்த வேலை 32 மடங்காகிவிடும். கிராங்க்கும் நிக்கல்சனும் 1947இல் தந்த, புதிய மதிப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து எழுதும் உள்ளுறை முறை இந்தத் தளையை அறுத்தாலும், ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் சுமையைக் கொண்டுவருகிறது. தவிர, பெரிய காலப்படியில் அதன் விடை வெடிக்காமல் அலைபாயும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வேறுபாட்டு முறையின் உண்மையான பலவீனம் வடிவத்தில் இருக்கிறது. வளைந்த எல்லையைச் சதுர வலையில் வைத்தால் அது படிக்கட்டாக மாறுகிறது. அந்தப் படிக்கட்டின் முனைகளில் அலை சிதறுவதும் தகைவு (பொருளுக்குள் ஒரு பரப்பலகின் மேல் செயல்படும் விசை) எழுவதும் இயற்பியல் அல்ல, வலையின் வேலை. எனினும் எல்லை எளிமையாகவும் களம் பரந்தும் இருக்கும் சிக்கல்களில் இதற்கு இணை அரிது. மின்காந்த அலைகளுக்காக 1966இல் யீ வகுத்த, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரை இடைவெளி தள்ளி வைக்கும் வலையும், நிலநடுக்க அலைகளின் கணிப்பும் இதற்குச் சான்று. முறையின் மேல் தவறாகப் போடப்படும் பழி ஒன்றையும் இங்கே நீக்கிவிட வேண்டும். ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட வானிலைக் கணிப்பு, 6 மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று கூறியது; உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ அசையாமல் இருந்தது. இதைக் காலப்படி நிலைகுலைவின் உதாரணமாகச் சொல்வோர் உண்டு. அவர் கணக்கிட்டதோ ஒரே ஒரு படி. தொடக்கத் தரவில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இடையே சமநிலை இல்லாமல் போனதே காரணம். அந்தத் தரவை எந்த முறைக்குக் கொடுத்திருந்தாலும் விடை கெட்டுத்தான் போயிருக்கும்.

கூறு முறை வேறொரு தத்துவத்தில் நிற்கிறது. சமன்பாடு ஒவ்வொரு புள்ளியிலும் நிறைவேற வேண்டும் என்று கேட்காமல், எடையிட்ட தொகையீடாக, சராசரி நோக்கில் நிறைவேறினால் போதும் என்கிறது. கூரன்ட் 1943இல் முக்கோணங்களின் மேல் நேரியல் சார்புகளைப் பயன்படுத்திக் காட்டிய இந்த எண்ணம், 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோர் விமானக் கட்டமைப்புகளுக்காக எழுதிய ஆய்வில் பொறியியல் கருவியாக உருவெடுத்தது. இன்று வழங்கும் பெயரை 1960இல் கிளஃப் இட்டார். எந்த வடிவத்தையும் முக்கோணங்களாலும் நான்முகிகளாலும் நிரப்பலாம். சுமை, தாங்கி போன்ற எல்லை நிபந்தனைகள் தொகையீட்டுக்குள் தாமாகவே வந்து அமர்கின்றன. மீள்தன்மைச் சிக்கல்களில், தேர்ந்தெடுத்த சார்புகளால் எட்டக்கூடிய விடைகளுள் ஆற்றல் அளவில் மிகச் சிறந்ததையே இம்முறை தருகிறது என்ற உறுதியும் உண்டு. திடப்பொருள் இயக்கவியலில் இதற்குப் போட்டியே இல்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் இதன் தவறு அமைதியானது, அதனாலேயே ஆபத்தானது. நேரியல் கூறுகளில் இடப்பெயர்ச்சியின் பிழை வலை அளவின் வர்க்கத்தோடு குறைகிறது. தகைவு இடப்பெயர்ச்சியின் வகைக்கெழுவிலிருந்து வருவதால் அதன் பிழை வலை அளவோடு மட்டுமே குறைகிறது. வலையைப் பாதியாக்கினால் முதலாவது நான்கில் ஒரு பங்காகிறது, இரண்டாவது பாதிதான் ஆகிறது. விட்டத்தின் தொய்வு நிலைபெற்றுவிட்டதைக் கண்டு தகைவும் நிலைபெற்றிருக்கும் என்று நம்புவது இதனால்தான் பிழை. அமுங்காத தன்மைக்கு அருகே, அதாவது பாய்சான் விகிதம் (இழுக்கும்போது பக்கவாட்டில் சுருங்கும் அளவுக்கும் நீளும் அளவுக்கும் உள்ள விகிதம்) 0.5ஐ நெருங்கும் ரப்பர் போன்ற பொருள்களில், எளிய கூறுகள் இறுகிப் பூட்டிக்கொண்டு உண்மையைவிடப் பன்மடங்கு விறைப்பாக நடந்துகொள்ளும். அப்போதும் திரையில் தெரியும் படம் மென்மையாகவே இருக்கும். உள்நோக்கிய கூர்மூலையில் நிலைமை தலைகீழாகிறது: அங்கே மீள்தன்மைக் கோட்பாட்டின்படி தகைவு வரம்பின்றி உயர்வதால், வலையை நுணுக்க நுணுக்க எண் ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் நிலைபெறாது.

இதன் விலையை நார்வே அறிந்திருக்கிறது. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம், ஸ்டாவங்கர் அருகே கடற்கழியில் நீர் நிரப்பிச் சோதிக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. உருளை வடிவ அறைகள் சந்திக்கும் முக்கோண இடைவெளிகளின் சுவரில், போதிய நுணுக்கம் இல்லாத, சாய்ந்த கூறுகளால் ஆன வலை வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. அந்தக் குறைவான எண்ணை நம்பிச் சுவரின் கனம் தீர்மானிக்கப்பட்டது. வலுவூட்டும் கம்பிகளின் நங்கூரமும் போதவில்லை. விபத்துக்குப் பிந்தைய கவனமான கூறு முறைக் கணிப்பு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முதலில் ஏமாற்றியதும் பின்னர் சரியாகச் சொன்னதும் அதே முறைதான். மாறியது கணிப்பில் செலுத்தப்பட்ட கவனம்.

கனஅளவு முறை களத்தைச் சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் வரவுசெலவுக் கணக்கு எழுதுகிறது. ஓர் அறையின் முகப்பு வழியே வெளியேறும் நிறை, உந்தம், ஆற்றல் அப்படியே அடுத்த அறையின் வரவாகிறது. வலை எவ்வளவு முரடாக இருந்தாலும் மொத்தக் கணக்கு கடைசி இலக்கம் வரை பொருந்தும். அதிர்ச்சி அலைகளில் இந்தப் பண்பு இன்றியமையாதது: அழிவின்மை வடிவில், அதாவது இப்படி வரவுசெலவுக் கணக்காக, எழுதிய முறை ஒரு விடையை நோக்கிக் குவிந்தால், அது தொகையீட்டு வடிவச் சமன்பாட்டின் விடையாகவே இருக்கும் என்று லாக்ஸும் வென்டிராஃபும் 1960இல் நிறுவினர். அந்த வடிவத்தைக் கைவிட்ட வேறுபாட்டு முறைகள், வலையை எவ்வளவு நுணுக்கினாலும் அதிர்ச்சி அலையைத் தவறான வேகத்தில் நகர்த்தக்கூடும். பட்டாங்கரும் ஸ்பால்டிங்கும் 1972இல் தந்த சிம்பிள் வழிமுறை, அமுங்காத ஓட்டத்தில் அழுத்தத்தையும் திசைவேகத்தையும் பிணைக்கும் நடைமுறைத் தீர்வானதிலிருந்து, பொறியியல் பாய்மக் கணிப்பின் பெரும்பகுதி இம்முறையின் வசமாகிவிட்டது.

பொருள் மாறும் எல்லையிலும் கனஅளவு முறையின் சிந்தனை தெளிவைத் தருகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400, ஒரு நெகிழியினுடையது 0.2 வாட்/(மீட்டர்·கெல்வின்) என்போம். இரண்டும் தொடும் முகப்பில் கூட்டுச் சராசரி எடுத்தால் 200 என்று வரும். வெப்பம் தடையின்றிப் பாயும் என்று பொருள்படும். முகப்பின் இருபுறமும் ஒரே வெப்பம்தான் பாய வேண்டும் என்ற நிபந்தனையை எழுதினாலோ இசைச் சராசரி கிடைக்கிறது. அதன் மதிப்பு 0.4 மட்டுமே. நெகிழியே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது என்ற இயற்பியல் அந்த ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது.

இம்முறையின் தவறு மங்கலாக்குவது. நிலைப்புக்காக முகப்பின் மதிப்பை ஓட்டம் வரும் திசையிலுள்ள அறையிலிருந்து எடுக்கும் எளிய மேல்நோக்கு ஏற்பாடு, திசைவேகத்தையும் அறை அளவையும் பெருக்கியதில் பாதி அளவுக்குச் செயற்கைப் பரவலைச் சேர்க்கிறது. காற்று விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓட, அறை 1 சென்டிமீட்டர் என்றால் அந்தச் செயற்கைப் பரவுதிறன் விநாடிக்கு 0.005 சதுர மீட்டர். காற்றின் இயல்பான வெப்பப் பரவுதிறனைப் போல ஏறத்தாழ 250 மடங்கு. கணக்கு முழுதும் பொருந்தியிருக்க, புகைமூட்டமோ வெப்பத்தாரையோ மட்டும் உண்மையைவிட விரைவாகக் கரைந்துபோகும். நேரியல் ஏற்பாடு எதுவும் செயற்கை அலைவுகளைத் தவிர்த்துக்கொண்டே முதல் வரிசையைத் தாண்ட முடியாது என்று கோடுனோவ் 1959இல் காட்டியதால், இன்றைய நிரல்கள் அலைவு எழும் இடங்களில் மட்டும் துல்லியத்தைக் குறைக்கும் நேரியல் அல்லாத கட்டுப்படுத்திகளின் துணையோடு இரண்டாம் வரிசையை எட்டுகின்றன. அதற்கு மேலே ஏறுவது ஒழுங்கற்ற வலையில் கடும் உழைப்பு.

எனவே என் தேர்வு இவ்வாறு அமையும். தகைவும் உருச்சிதைவும் கேட்கப்பட்டால் கூறு முறை. நிறையும் ஆற்றலும் ஒரு துளியும் காணாமல் போகக் கூடாத ஓட்டமானால் கனஅளவு முறை. எளிய களத்தில் நெடுந்தூரம் செல்லும் அலையானால் உயர்வரிசை வேறுபாட்டு முறை. பாய்மமும் கட்டமைப்பும் ஒன்றையொன்று தள்ளும் சிக்கலில் ஒவ்வொன்றுக்கும் உரிய முறையை வைத்து எல்லையில் இணைப்பதே பெரும்பாலும் நடைமுறை. அறைக்குள் உயர்வரிசைச் சார்பும் முகப்பில் கணக்குப் பொருத்தமும் ஒருசேர வேண்டுவோருக்கு, ரீடும் ஹில்லும் 1973இல் நியூட்ரான் போக்குவரத்துக்காக முன்வைத்த தொடர்ச்சியற்ற கலர்கின் முறை இருக்கிறது. ஒரே வலைக்கு அதில் மாறிகள் மிகுதி. நினைவகச் செலவும் அதற்கேற்ப உயரும். உடைந்து தெறிக்கும் நீர்ப்பரப்பு போன்றவற்றுக்கு வலையே இல்லாத துகள் முறைகள் உண்டு. எல்லை நிபந்தனையைச் செம்மையாக விதிப்பது அவற்றில் கடினம்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், மூன்று வலைகளில் ஒரே கணிப்பை நடத்தாமல் விடையை வெளியிடுவதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு தடவையும் இடைவெளியைப் பாதியாக்கி, தேவையான ஓர் அளவை, அது தகைவானாலும் வெப்ப இழப்பானாலும், குறித்துக்கொள்ள வேண்டும். முதல் இரு விடைகளின் வேறுபாட்டை அடுத்த இரு விடைகளின் வேறுபாட்டால் வகுத்தால் 4க்கு அருகே வருவது இரண்டாம் வரிசை, 2க்கு அருகே வருவது முதல் வரிசை. 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் கணிப்பு குவியவில்லை, கூர்மூலையைத் தேட வேண்டும். 4ஐ எதிர்பார்த்த வழவழப்பான சிக்கலில் 2 வந்தால், நிரலில் முதலில் திறந்து பார்க்க வேண்டியவை எல்லை நிபந்தனையை எழுதிய வரிகள்.