அம்மாவின் கடிதமும் ஒரு மொழிபெயர்ப்பு நிலையமும்

என் தம்பி பிரித்தானியாவில் புகலிடம் கோரியிருக்கிறான். அவனுடைய மேன்முறையீட்டுக்காக, 2007இல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு அம்மா கையால் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருந்தது. முதலில் வேறோர் இடத்தில் செய்வித்தோம். "கூட்டிக்கொண்டு போனார்கள்" என்று அம்மா எழுதியிருந்ததை அவர்கள் "கைதுசெய்தார்கள்" என்று மாற்றிவிட்டார்கள். தம்பியோ விசாரணையில் தன்னைக் கடத்தியதாகவே சொல்லியிருந்தான். நிராகரிப்புக் கடிதத்தில் அந்த முரண்பாட்டுக்கென்றே ஒரு பந்தி இருந்தது.

இம்முறை நகரில் நீதிமன்றத்துக்கு அண்மையில் சிறிய அறையொன்றில் இயங்கும் நிலையத்துக்குப் போனேன். அங்குள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வயதானவர். கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டு, அதே சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"மகள், வந்தவங்க உடுப்போட வந்தாங்களா, சிவிலில வந்தாங்களா?"

"நான் அப்ப வீட்டில இல்ல, சேர்."

"அப்ப கடிதத்தில இருக்கிறதுதான் வரும். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

கைது என்றும் கடத்தல் என்றும் தீர்ப்புச் சொல்லாத ஓர் ஆங்கிலச் சொல்லை இட்டு, யுத்தகாலத்தில் எங்கள் பேச்சில் அச்சொல் இரண்டையும் குறித்தது என்று அடிக்குறிப்பும் எழுதினார். அந்த இரண்டு வரிக்காகவே இந்த நிலையத்தை மனதாரப் பாராட்டுகிறேன்.

சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்புவதை ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை தடுக்கிறது. இருந்தும், 1991இல் இலங்கைத் தமிழர் 5 பேரின் வழக்கில், ஏனைய தமிழரைவிட அவர்களுக்குத் தனிப்பட்ட ஆபத்து கூடுதலாக இருந்ததாக நிறுவப்படவில்லை என்று ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கைவிரித்தது. 2008இல் வேறொரு தமிழரின் வழக்கில், முன்னைய தடுப்புக்காவல், உடம்பிலுள்ள தழும்பு போன்றவற்றை ஒன்றுசேர்த்து எடைபோட வேண்டும் என்று கூறி, அவரைத் திருப்பி அனுப்புவது சமவாயத்தை மீறும் எனத் தீர்ப்பளித்தது. தனிமனிதனுக்கு நேர்ந்ததை நிறுவும் சுமை பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய கடதாசிகளின் மேல்தான் விழுகிறது. புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பவும் பிரித்தானிய அரசு திட்டமிட்டிருந்தது. ருவாண்டா பாதுகாப்பான நாடல்ல என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்த பிறகும், அது பாதுகாப்பானதே எனக் கொள்ள வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அங்கே சட்டம் இயற்றினார்கள். ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது உண்மைதான். ஆனாலும் அத்தகைய நாட்டில் நிற்கும் பிள்ளைக்கு எதிராக, கவனமில்லாத மொழிபெயர்ப்பு ஒரு சாட்டாகிவிடக் கூடாது.

குறைகளும் உண்டு. வேலை செய்பவர் ஒருவரே என்பதால் 4 பக்கங்களுக்கு 9 நாட்கள் காத்திருந்தேன். தவணை நெருங்கியவர்களுக்கு இது பெரிய சிரமம். காத்திருக்கும் தாய்மாருக்கு அமர இடம் போதாது. கேட்டால்தான் பற்றுச்சீட்டு தருகிறார்கள்.

போகிறவர்கள் மூலப்பிரதியையே கொண்டுபோங்கள். தொலைபேசியில் எடுத்த படத்தை வைத்து அவர் முத்திரை குத்துவதில்லை.